எண்ணெய் டேங்க்கின் அடிவயிறு

ஆயிரம் லிட்டர் டீசலை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு அதற்கு மேல் மாடியில் படுத்துத் தூங்குகிறோம் என்று போனில் சொன்னபோது அப்பா நம்பவில்லை. "வீட்டுக்குள்ளயா? எவன்யா அனுமதி குடுத்தான்?" என்றார். அனுமதி என்ன அனுமதி, அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் பழைய வீடு வாங்கினால் டேங்க்கும் சேர்ந்தேதான் வரும். மெய்ன் மாநிலத்தில் கிட்டத்தட்ட பாதி வீடுகள் இன்றும் எண்ணெயை எரித்துத்தான் குளிர்காலத்தைக் கடத்துகின்றன. நாங்கள் இருக்கும் மாசசூசெட்ஸில் அவ்வளவு இல்லை, ஏறத்தாழ நாலில் ஒரு வீடு. எங்கள் தெருவுக்குக் கேஸ் குழாய் இன்னும் வரவில்லை, இனி வரப்போவதாகவும் தெரியவில்லை.

2014 அக்டோபரில் வூஸ்டருக்குப் பக்கத்தில் இந்த வீட்டை வாங்கினோம். 1926இல் கட்டியது. முதலில் நிலக்கரி எரித்திருக்கிறார்கள். பேஸ்மென்ட், அதாவது வீட்டுக்கு அடியில் இருக்கும் நிலவறையின் சுவரில் கரி கொட்டுவதற்கான சின்ன இரும்புக் கதவு இப்போதும் இருக்கிறது. கரி கிடந்த மூலையில் பிறகு எண்ணெய் டேங்க் வந்து உட்கார்ந்துவிட்டது. டேங்க் என்றதும் நம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைக்க வேண்டாம். நான்கு கால்களில் நிற்கும், மேலும் கீழும் உருண்ட ஒரு இரும்புப் பெட்டி. 5 அடி நீளம், இரண்டேகால் அடி அகலம், மூன்றரை அடிக்குச் சற்று மேல் உயரம். இந்தப் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளில் இதே அளவுதான்: 275 காலன், அதாவது சுமார் 1,040 லிட்டர். உச்சியில் காற்றுக்கு இடம் வேண்டும் என்பதால் 250 காலனோடு நிறுத்திவிடுவார்கள். முழுக்க நிறைந்தால் எண்ணெயின் எடை மட்டுமே 900 கிலோவை நெருங்கும்.

வீட்டைச் சோதித்துத் தந்தவரின் நாற்பது பக்க அறிக்கையில் டேங்க்குக்கு ஒரே ஒரு வரி: "பழையது, எண்ணெய்க் கம்பெனியிடம் கேட்டுக்கொள்ளவும்." அந்தப் பக்கத்துக்கு வருவதற்குள் எனக்குக் கண் சொருகிவிட்டது. போதாததற்கு டேங்க்குக்குச் சாம்பல் நிறத்தில் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். எவ்வளவு பொறுப்பான மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டேன். மாட்டுச் சந்தையில் கொம்பு சீவி எண்ணெய் தடவி நிறுத்தியிருக்கும் கிழமாட்டைப் பார்த்து ஏமாறாத குடும்பத்தில் பிறந்தவன்தான் நான். விற்கிற வீட்டில் இருபது, முப்பது வருடத்து டேங்க்குக்கு மட்டும் ஏன் பெயின்ட் அடிக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

முதல் குளிர்காலமே பாடம் எடுத்துவிட்டது. 2015 ஜனவரியில் மகன் பிறந்தான். அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். அந்த வருடம்தான் பாஸ்டனில் மொத்தமாக 9 அடிக்கு மேல் பனி கொட்டியது. டேங்க்கின் தலையில் ஒரு கண்ணாடிக் குமிழும் உள்ளே சிவப்புத் தட்டும் இருக்கும், அதுதான் கேஜ். அது கால் பங்கைக் காட்டியபோது, 'கால் டேங்க் இருக்கிறதே, காரில் இது நூறு மைல் ஓடுமே' என்ற நினைப்பில் இருந்துவிட்டேன். எட்டில் ஒரு பங்குக்கு வந்தபோது போன் செய்தேன். மூன்றாம் நாள் லாரி வந்தது, வந்த வேகத்தில் திரும்பியும் போய்விட்டது. கதவில் ஒரு சீட்டு தொங்கியது: ஊற்றும் குழாய் பனிக்குள் புதைந்திருக்கிறது, வழி வெட்டிவிட்டுக் கூப்பிடவும். வாசலையும் காரையும்தான் வெட்டியிருந்தேனே தவிர, வீட்டின் பக்கவாட்டில் முழங்கால் உயரத்தில் ஒரு குழாய் இருப்பதும் அதுவரை லாரிக்காரர் தன் 100 அடி ஹோஸை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்பதும் மூளையில் ஏறவில்லை. அவர்களுக்கும் ஒரு நாளைக்கு எத்தனையோ வீடு. இடுப்பளவு பனியில் யார் இறங்குவார்கள்?

அன்றிரவு இரண்டு மணிக்கு வீடு அமைதியாகிவிட்டது. எண்ணெயைப் பீய்ச்சி எரித்துப் பாய்லருக்குச் சூடு கொடுப்பது பர்னர். அது ஓடும் சத்தம் பழகிப்போனால் அது நிற்கும்போதுதான் காதில் விழும். வெளியே மைனஸ் 17 டிகிரி. கைக்குழந்தை. "ஏங்க, ரேடியேட்டர் ஜில்லுனு இருக்கு" என்று மனைவி எழுப்பினாள். பேஸ்மென்ட்டுக்கு ஓடி, பர்னரில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். ஓடியது, நின்றது. மறுபடி அழுத்தினேன். இதை நீங்கள் செய்யாதீர்கள். ஒரு முறை அழுத்தலாம், அதோடு கையை எடுத்துவிட வேண்டும். எண்ணெய் இருந்தும் பற்றாமல் போகிற நேரங்களில் ஒவ்வொரு அழுத்தலுக்கும் கொஞ்சம் எண்ணெய் உள்ளே பீய்ச்சப்பட்டுத் தேங்கிக்கொண்டே இருக்கும். கடைசியில் பற்றும்போது எல்லாம் ஒன்றாகப் பற்றும். வீடு முழுக்கக் கரி படிந்து, துணிமணி வரைக்கும் துவைக்க வேண்டிவந்தவர்களை எனக்குத் தெரியும்.

எண்ணெய் தீர்ந்தால் இந்தக் குளிரிலும் ஒரு வழி உண்டு. பெட்ரோல் பங்கில் கிடைக்கும் டீசலை ஊற்றலாம். வீட்டு எண்ணெயும் டீசலும் கிட்டத்தட்ட ஒன்றேதான். வீட்டு எண்ணெயில் சிவப்புச் சாயம் கலந்திருப்பார்கள், சாலை வரி கட்டாத எண்ணெய் என்பதற்கு அது அடையாளம். வரி கட்டிய டீசலை வீட்டில் எரித்தால் யாரும் கேட்கப்போவதில்லை, சிவப்பு எண்ணெயைக் காரில் ஊற்றினால்தான் அபராதம். பெட்ரோலை மட்டும் மறந்தும் ஊற்றக் கூடாது. டீசலுக்கான கேன் மஞ்சள் நிறத்தில் இருக்கும், 5 காலன் பிடிக்கும். இரண்டு கேன் வாங்கிவந்து, மண்வெட்டியால் குழாய்க்கு வழி வெட்டி ஊற்றினேன். ஊற்றியும் பர்னர் பற்றவில்லை.

அப்பா கம்பளியைச் சுற்றிக்கொண்டு படியில் இறங்கிவந்தார். ஒட்டன்சத்திரம் பக்கத்தில் கிணற்று மேட்டில் இருபது வருடம் ஆயில் இன்ஜினோடு மல்லுக்கட்டிய மனிதர். பர்னரைச் சுற்றி ஒரு நோட்டம் விட்டார். "எண்ணெ தீந்து போய் ஊத்துனேல்ல? காத்து வாங்கியிருக்கும்ப்பா. இதுல ஏர் எடுக்குற நட்டு எங்க?" என்றார். எனக்கு எங்கே தெரியும்? அவரே தடவிப் பார்த்து, பம்ப்பின் பக்கவாட்டில் சின்னதாக நீட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தார். அதில் ஒரு துண்டு பிளாஸ்டிக் டியூபைச் சொருகி மறுமுனையைப் பால் பாட்டிலில் விட்டோம். 3/8 அங்குல ஸ்பானரால் அரைச் சுற்று தளர்த்தியதும் பம்ப் ஓட, நுரை நுரையாக வந்து, புளிச் புளிச்சென்று துப்பி, பிறகு ஒரே தாரையாக எண்ணெய் வந்தது. நட்டை முடுக்கியதும் பர்னர் உறுமிக்கொண்டு பற்றியது. "கிர்லோஸ்கரும் இதும் ஒண்ணுதான்" என்றார் அப்பா. அடுத்த ஒரு வாரம் தொலைபேசியில் ஊரில் எல்லோருக்கும் இந்தக் கதைதான் ஓடியது.

மறுநாள் லாரி வந்தபோது அவர்தான் கோட்டு மாட்டிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றார். சுவரில் இரண்டு குழாய்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்றின் வழியாக எண்ணெய் உள்ளே போகும், இன்னொன்றின் வழியாகக் காற்று வெளியே வரும். டேங்க்கின் தலையில் காற்றுக் குழாய்க்கு அடியில் ஒரு விசில் வைத்திருப்பார்கள். எண்ணெய் இறங்க இறங்க வெளியேறும் காற்று அதை ஊதிக்கொண்டே இருக்கும், எண்ணெய் விசிலைத் தொட்டதும் சத்தம் நின்றுவிடும். லாரிக்காரருக்கு டேங்க் கண்ணில் படாது, அந்த விசில்தான் கணக்கு. ஊற்ற ஆரம்பித்ததும் விசில் கேட்கவில்லை என்றால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்பது அவர்கள் தொழிலின் முதல் விதி. மீட்டர், கம்ப்யூட்டர் என்று எத்தனையோ வந்தும் இந்த ஊதலை ஒன்றும் வெல்லவில்லை என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

அந்த இரவுக்குப் பிறகு நான் கற்றுக்கொண்ட கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இங்கே எண்ணெய்க் கம்பெனிகள் குளிரை 'டிகிரி டே' என்று அளக்கின்றன. ஒரு நாளின் சராசரி வெப்பத்தை 65 ஃபாரன்ஹீட்டிலிருந்து கழித்தால் வருவது அது. சராசரி 25 என்றால் அன்றைக்கு 40 டிகிரி டே. எங்கள் வீட்டில் ஒரு காலன் எண்ணெய் சுமார் 5 டிகிரி டே தாங்குகிறது. ஆக அப்படிப்பட்ட நாளில் 8 காலன் போய்விடும். கால் டேங்க் என்று கேஜ் காட்டுவது கிட்டத்தட்ட 60 காலன், அதாவது ஒரு வாரம். அதிலும் அடியில் கிடப்பதைக் கடைசிச் சொட்டு வரை இழுக்க முடியாது, இழுக்கவும் கூடாது. டேங்க் உருண்டை வடிவம் என்பதால் கேஜின் தட்டு நடுவில் மெதுவாகவும் கீழே வரவரச் சடாரென்றும் இறங்கும். இப்போதெல்லாம் பாதிக்குக் கீழே வந்தால் போன் போட்டுவிடுவேன். கம்பெனியே கணக்குப் போட்டுத் தானாக வந்து ஊற்றும் திட்டமும் உண்டு, காலனுக்குச் சில சென்ட் கூடுதல். பச்சைக் குழந்தையோ வயதானவர்களோ இருக்கும் வீட்டில் அந்தச் சென்ட்டைப் பார்க்காதீர்கள்.

2016இல் வருடாந்திர சர்வீஸுக்கு வந்த டெக்னீஷியன் எண்ணெய்க் குழாயைப் பார்த்து முகம் சுளித்தார். டேங்க்கிலிருந்து பாய்லருக்குப் போகும் செம்புக் குழாய் வெறுமனே காங்கிரீட் தரைக்குள் புதைந்து போயிருந்தது. ஈரமும் சிமென்ட்டும் சேர்ந்து செம்பை அரிக்கும். ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், தரைக்கு மேல் சொட்டுக்கூடத் தெரியாமல் மாதக்கணக்கில் மண்ணுக்குள் இறங்கும். மாசசூசெட்ஸில் இதற்காகவே 2008இல் ஒரு சட்டம் போட்டு, பழைய வீடுகளுக்கு 2011 செப்டம்பர் 30 வரை கெடு கொடுத்திருந்தார்கள். ஒன்று, குழாய்க்கு மேல் பிளாஸ்டிக் உறை போட வேண்டும். அல்லது டேங்க்கின் வாயில் ஒரு பாதுகாப்பு வால்வு வைக்க வேண்டும். பம்ப் உறிஞ்சினால் மட்டுமே திறக்கும் வால்வு அது, குழாய் உடைந்தால் எண்ணெய் தானாக வழியாது. எங்கள் வீட்டில் இரண்டும் இல்லை. கெடு முடிந்து மூன்று வருடம் கழித்து விற்ற வீடு! சரி, முந்தினவர்களைத் திட்டி என்ன ஆகப்போகிறது. உறை போட்ட புதுக் குழாயைச் சுவர் ஓரமாகக் கொண்டுபோனோம், சில நூறு டாலரோடு முடிந்தது.

அந்தச் சட்டத்தில் இன்னொரு பாதி இருக்கிறது, பலருக்கு அது தெரியாது. வீட்டுக் காப்பீடு இருக்கிறதே, எண்ணெய் கசிந்தால் பார்த்துக்கொள்வார்கள் என்று நான் நினைத்திருந்தேன். பாலிசியை எடுத்துப் படித்தால் எண்ணெய்க் கசிவைத் தெளிவாக விலக்கியிருந்தார்கள். வீட்டுக் காப்பீடு விற்கிற கம்பெனிகள் எண்ணெய்க் கசிவுக்கான பாதுகாப்பையும் தனியாக விற்றே ஆக வேண்டும் என்கிறது சட்டம். சொந்த இடத்தைச் சுத்தம் செய்யக் குறைந்தது 50,000 டாலர், அடுத்தவர் நிலத்துக்குப் பரவினால் குறைந்தது 200,000 டாலர் வரை. ஆனால் நாம் கேட்டு வாங்கினால்தான் உண்டு. வால்வோ உறையோ போட்டிருப்பதற்குச் சான்றும் வேண்டும். அந்த வாரமே வாங்கினேன். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் செய்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: பாலிசியை எடுத்துப் படியுங்கள்.

டேங்க்கை மட்டும் அப்போதும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. சாம்பல் பெயின்ட் பளபளவென்றுதான் இருந்தது.

2022 அக்டோபர். வேறொரு டெக்னீஷியன், நடுத்தர வயது, பேசவே மாட்டார். பாய்லர் வேலையை முடித்துவிட்டு டேங்க்குக்கு அருகே மண்டியிட்டார். டார்ச் அடிக்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு, சினை மாட்டின் வயிற்றைத் தடவுகிற மாதிரி, டேங்க்கின் அடிப்பாகத்தை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வெறுங்கையால் தடவினார். பிறகு விரல்களை என்னிடம் நீட்டினார். இளஞ்சிவப்பாக ஈரம். கண்ணுக்குச் சொட்டு எதுவும் தெரியவில்லை. பெயின்ட்டுக்கு அடியில் எண்ணெய் வியர்த்துக்கொண்டிருந்தது.

இரும்பு டேங்க் வெளியிலிருந்து துருப்பிடிப்பது குறைவு. உள்ளிருந்துதான் சாகும். குளிரும் சூடும் மாறி மாறி வரும்போது டேங்க்கின் மேல்பாகக் காற்றில் உள்ள ஈரம் உள்சுவரில் வியர்த்து வழிந்து இறங்கும். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்தத் தண்ணீரும் எண்ணெயும் சந்திக்கும் இடத்தில் பாக்டீரியா வளரும், அமிலம் சேரும், சகதி படியும். வருடக்கணக்காக அதே இடத்தில் இரும்பை அரித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் எண்ணெய் எடுக்கும் வாய் அடியில் இருப்பது நல்லது என்கிறார்கள். சேரும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஃபில்டருக்கு வந்து வெளியேறிவிடும். அப்படிப்பட்ட டேங்க்கை வாய் இருக்கும் பக்கம், ஒவ்வோர் அடி நீளத்துக்கும் கால் அங்குலம் சாய்வாக நிறுத்த வேண்டும். எங்களுடையது எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. தண்ணீர் முழுவதும் பின்மூலையில் தேங்கி, வேண்டியதைச் செய்து முடித்திருந்தது.

கோடை முழுக்க டேங்க்கைக் காலியாக விடுவதும் இதே காரணத்தால்தான் கெடுதல். உள்ளே காற்றுக்கு இடம் அதிகமானால் வியர்வையும் அதிகம். நானோ ஒவ்வொரு வருடமும் ஏப்ரலில் நிறைக்காமல் 'செப்டம்பரில் விலை இறங்கும்' என்று காத்திருந்த புத்திசாலி.

டெக்னீஷியன் காந்தம் வைத்த ரப்பர் பட்டை ஒன்றை ஒட்டி, அடியில் தட்டு வைத்தார். "மூன்று வாரம். அதற்கு மேல் நான் பொறுப்பில்லை" என்றார். கசிகிற டேங்க் என்று எழுதி வைத்துவிட்டார், இனி எந்த லாரியும் ஊற்றாது. போகும்போது, தரையில் தண்ணீர் இறைக்கும் சம்ப் பம்ப் எங்கே என்று கேட்டார். காட்டினேன். "முதலில் அதன் ப்ளக்கைப் பிடுங்கு." அப்போதுதான் விளங்கியது. டேங்க் உடைந்தால் எண்ணெய் அந்தக் குழிக்குப் போகும், பம்ப் சமர்த்தாக அதை இறைத்துத் தோட்டத்தில் கொட்டும். பேஸ்மென்ட்டோடு நிற்க வேண்டிய விபத்து அக்கம்பக்கத்துக் கிணறு வரை போய்விடும். இங்கே 10 காலனோ அதற்கு மேலோ கொட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள் மாநிலச் சுற்றுச்சூழல் துறைக்குச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் கசிந்தது இரண்டு டம்ளர் இருக்கும். பூனைக்கு மலம் கழிக்க வாங்கிப்போடும் களிமண் துகள் இருக்கிறதே, அதைக் கொட்டி அழுத்தித் தேய்த்து வாரினேன். எண்ணெயைக் குடிப்பதில் அதற்கு நிகர் இல்லை. வாடை மட்டும் ஒரு மாதம் போகவில்லை. ரேஷன் கடை மண்ணெண்ணெய் வரிசையில் நிற்கிற மாதிரியே இருந்தது.

அந்த மூன்று வாரத்தில் நிறைய யோசித்தோம். எண்ணெயையே விட்டுவிட்டு, மின்சாரத்தில் ஓடி வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே இழுக்கும் ஹீட் பம்ப்புக்குப் போய்விடலாம் என்றாள் மனைவி. உக்ரைன் போருக்குப் பின் அந்த வருடம் எண்ணெய் காலனுக்கு 5 டாலரைத் தாண்டியிருந்தது, அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அப்போது மாநிலத்தில் மானியமும் வட்டியில்லாக் கடனும் கிடைத்தன. ஆனால் எங்கள் வீட்டு மின் இணைப்பு 100 ஆம்பியர், அதை மாற்ற வேண்டும். சுவர்களில் வெப்பக்காப்பு இல்லை. மாசசூசெட்ஸின் மின்கட்டணம் நாட்டிலேயே அதிகமானவற்றில் ஒன்று. பாய்லரோ நல்ல நிலையில் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்று வாரத்தில் இதெல்லாம் நடக்காது. அவசரத்தில் எடுக்கிற முடிவைப் பெரிய முடிவாக எடுக்க வேண்டாம் என்று டேங்க்கை மட்டும் மாற்றினோம். நிதானமாகத் திட்டமிட நேரம் இருந்திருந்தால் வேறு மாதிரி முடிவு செய்திருப்பேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். டேங்க் கெடுவதற்கு முன்னாலேயே இந்தக் கணக்கைப் போட்டு வைத்துக்கொள்வது நல்லது.

மூன்று பேரிடம் விலை கேட்டேன். பழையபடி ஒற்றைச் சுவர் இரும்பு டேங்க் என்றால் 2,600 டாலர். இரட்டைச் சுவர் என்றால் 3,900. இரட்டைச் சுவர் டேங்க்கில் உள்ளே கெட்டியான பிளாஸ்டிக், வெளியே துத்தநாகம் பூசிய இரும்பு உறை. உள்சுவர் விட்டாலும் வெளிச்சுவர் தாங்கும், கசிவைக் காட்ட ஒரு அடையாளமும் உண்டு. எண்ணெயை மேலிருந்து உறிஞ்சுவதால் அடியில் ஓட்டையே கிடையாது. மூன்றாமவர் 1,800க்கு முடித்துத் தருகிறேன், பெர்மிட் எல்லாம் தேவையில்லை என்றார். அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே அவரை விட்டுவிட்டேன். இங்கே டேங்க் வைக்க ஊர்த் தீயணைப்புத் துறையின் அனுமதி வேண்டும், வைத்தபின் அவர்கள் வந்து பார்ப்பார்கள். அனுமதியில்லாத டேங்க்கில் கசிவு வந்தால் காப்பீட்டுக்காரரிடம் என்ன முகத்தோடு போய் நிற்பது?

விலைப்பட்டியலில் பார்க்க வேண்டியது டேங்க்கின் விலையை அல்ல, அதில் என்னென்ன அடக்கம் என்பதை. பழைய டேங்க்கைக் கொண்டுபோவது, சகதியை அகற்றும் கட்டணம், இரண்டு வெளிக்குழாய்களும் புதிதா, விசில், கேஜ், ஃபில்டர் எல்லாம் சேர்த்தா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்கினேன். முதலாமவருடைய 2,600 இப்படிக் கேட்கக் கேட்க 3,300 ஆகிவிட்டது. அதற்கு இன்னும் 600 போட்டு இரட்டைச் சுவரே வாங்கிவிட்டோம்.

எனக்கு மனம் ஆறாதது மிச்ச எண்ணெய் விஷயத்தில்தான். மூன்று வாரம் எரித்தபின்னும் 90 காலன் கிடந்தது. 450 டாலருக்கு மேல்! புது டேங்க்கில் ஊற்றிக்கொடுங்கள் என்றேன். டெக்னீஷியன் மறுத்துவிட்டார். பழைய எண்ணெயோடு அதன் தண்ணீரும் கிருமியும் சேர்ந்தே வரும், முதல் நாளிலிருந்தே புது டேங்க் கெட ஆரம்பிக்கும் என்றார். கொஞ்சம் வாதாடிப் பார்த்தேன். அம்மா தினமும் ஒரு கரண்டி மோர் விட்டு ஒரு சட்டிப் பாலைத் தயிராக்குவது ஞாபகத்துக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். இதுவும் உறைமோர்தான். டேங்க் மாற்றுவதென்று முடிவு செய்தால், முடிந்தவரை வசந்தகாலத்தில், எண்ணெய் அடிமட்டத்தில் இருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை ஒரே நாள்தான். காலையில் எண்ணெயை இறைத்து லாரிக்கு ஏற்றினார்கள். பிறகு ரம்பத்தால் டேங்க்கைக் குறுக்கே அறுத்து, உள்ளே கிடந்ததை வாரி, துடைத்து, பாதிப் பாதியாகப் படியில் தூக்கிக்கொண்டு போனார்கள். சகதி கருப்பட்டிப் பாகு மாதிரி இருந்தது, இரண்டு வாளி. போவதற்குள் அடிப்பாகத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். உள்பக்கம் முழுக்கக் குழி குழியாக, பணியாரச் சட்டிதான். சில குழிகளில் இரும்பு காகித கனத்துக்கு வந்திருந்தது. ஒரு குழியில் டெக்னீஷியன் திருப்புளியை வைத்து லேசாகத்தான் அழுத்தினார், மறுபக்கம் வந்துவிட்டது. வெளிப்பக்கத்தில் அந்தச் சாம்பல் பெயின்ட் அப்படியே இருந்தது.

பழைய குழாய்களையும் சுவரிலிருந்து பிடுங்கி ஓட்டையைச் சிமென்ட்டால் அடைத்தார்கள். அது பார்வைக்காக அல்ல. கேஸுக்கு மாறிய சிலர் டேங்க்கை மட்டும் எடுத்துவிட்டு வெளியே குழாயை அப்படியே விட்டுவிடுவார்கள். ஒரு நாள் வீட்டு எண்ணைத் தவறாகப் படித்த லாரிக்காரர் மூடியைத் திறந்து ஊற்ற ஆரம்பித்தால், நூறு, இருநூறு காலன் நேராக வெறும் பேஸ்மென்ட் தரையில் கொட்டும். இந்தப் பகுதியில் இப்படி நடந்திருக்கிறது, வீட்டையே இடிக்க வேண்டிவந்ததும் உண்டு. நீங்கள் எண்ணெயை விட்டு விலகினால் டேங்க்கை எடுக்கிற அன்றே குழாயையும் எடுக்கச் சொல்லுங்கள். மூடியில் பூட்டுப் போடுவதெல்லாம் போதாது.

காற்றுக் குழாயின் வாயில் வலை இருக்கிறதா என்றும் வருடத்துக்கு ஒரு முறை பார்த்துவிடுகிறேன். குளவி அதில் கூடு கட்டினால் காற்று வெளியேற வழியில்லாமல் போகும், லாரி அழுத்தத்தோடு ஊற்றும்போது டேங்க்கே பிளக்கும். நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கும் நண்பர் வீட்டில் டேங்க் வெளியே, கூரையின் சரிவுக்கு நேர் கீழே நிற்கிறது. அவருடைய தலைவலியே வேறு. கடுங்குளிரில் எண்ணெய் நெய் மாதிரி உறைய ஆரம்பிக்கும், அதனால் மண்ணெண்ணெய் கலந்துதான் ஊற்ற வேண்டும். கூரையிலிருந்து சரியும் பனிக்கட்டி ஃபில்டரின் மேல் விழுந்தால் ஒரே இரவில் டேங்க் காலி. ஃபில்டருக்கு மேல் ஒரு தகரக் கூண்டு மாட்டச் சொல்லி மூன்று வருடமாகச் சொல்கிறேன், போன மாதம்தான் மாட்டினார்.

புது டேங்க்குக்கு முதல் லாரி நவம்பரில் ஒரு காலையில் வந்தது. ஊரில் அப்போது இரவு ஏழரை. வீடியோ காலில் அப்பா. லாரிக்காரர் மூடியைத் திறந்து ஹோஸை மாட்டினார், மீட்டர் ஓட ஆரம்பித்தது, இரண்டு நொடி ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. பிறகு விசில் எடுத்தது, பழையதைவிடக் கொஞ்சம் கீச்சுக்குரல். போனைக் குழாய்ப் பக்கம் திருப்பிப் பிடித்தேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. மூன்று, நான்கு நிமிடம் அந்த ஊதலையே கேட்டுக்கொண்டிருந்தார். அது சட்டென்று நின்றதும், லாரிக்காரர் கைப்பிடியை விடுவதற்குள், போனிலிருந்து அவர் குரல் வந்தது:

"நெறஞ்சிருச்சு. நிறுத்தச் சொல்லு."